மாடியறை – 14: அப்பாவின் டெஸ்ட் மெயில்

போன வாரம் ஒரு வாசகி காட்டமாக எழுதியிருந்தார். "சித்தப்பா, சித்தப்பா என்று பேச்சுதான் அடிபடுகிறது. ஆளைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறீர்கள். எத்தனை வாரம்தான் காத்திருப்பது?" கோபம் நியாயம்தான். இந்த வாரம் அவர் வருகிறார். ஆனால் முறைத்துக்கொண்டு போன மனுஷர் சும்மா வந்துவிடுவாரா? அதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு காரியம் கெட வேண்டியிருந்தது.

கெட்டது காலையில், அம்மாவின் டீ ஆறுவதற்குள்.

அன்றைக்கு மாடியறையைக் காலி செய்கிற நாள். வீட்டுச் சொந்தக்காரர் தவணை மேல் தவணை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு சாயங்காலம் சாவியை வாங்கிட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டார். கீழ்வீட்டில் இவர்கள் இருக்கலாம். மாடி மட்டும் அவர் மகனுக்கு வேண்டும். பையன் கல்யாணமாகி வருகிறான். கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லாத காரணம்.

அந்த மாடியறையில்தான் அப்பா தன் இன்டர்நெட் கம்பெனியை நடத்தினார். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். அப்பா, அவருடைய தம்பி, ஒரு இரும்பு அலமாரி, சுவர் முழுக்க ஒயர். அவ்வளவுதான். போன் லைன் வழியாக இன்டர்நெட் வந்த காலத்தில் அலமாரி நிறைய மோடம்கள் வரிசையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். யாராவது லைனுக்கு வந்தால் கீச்சென்று ஒரு கூச்சல் போட்டுவிட்டு அடங்கும். அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். சத்தம் நின்றால்தான் விழித்துக்கொண்டு அழுதார்கள்.

புகார்கள் எல்லாம் கீழ்வீட்டுப் போனுக்கு வரும். அம்மாவுக்கு அடுப்பில் ஒரு கண், போனில் ஒரு காது. "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. வரலைன்னா திரும்பக் கூப்பிடுங்க" என்பாள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பேரை மாடிக்குத் தள்ளிவிடுவாள்.

அப்பா காலமான பிறகு வேலை பிள்ளைகள் கைக்கு வந்தது. மூத்தவள் 'லினக்ஸ்' மென்பொருளில் ஓடுகிற மெஷின்களையும் மெயிலையும் பார்த்துக்கொள்கிறாள். வாடிக்கையாளர்கள் அவளைப் 'போஸ்ட்மாஸ்டர்' என்பார்கள். மெயில் போய்ச் சேரவில்லை என்று புகார் செய்கிற முகவரி அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அவள் தம்பி கூரை கூரையாக ஏறிக் கேபிள் இழுக்கிறவன். தோளில் ஏணி இல்லாமல் அவனைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் பெயரே 'ஏணி' என்று நின்றுவிட்டது. வீட்டிலும் அதே பெயர்தான்.

மாடியில் இருக்கும் பழைய மெஷினின் மெயிலை எல்லாம், வெளியே வாடகைக்கு எடுத்த புது மெஷினுக்கு மாற்றுகிற வேலை ஒரு வாரமாக நடந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர்களின் மெயில் எல்லாம் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. மிச்சமிருந்தது வீட்டு மெயில் மட்டும்.

அது அப்பாவின் சட்டம். முதலில் ஊரார், கடைசியில் வீட்டார். மெயில் அழிந்தால் உதவட்டும் என்று காப்பி எடுத்து வைப்பதிலும் அப்படித்தான். தினமும் எடுக்கிற காப்பியில் வாடிக்கையாளர்களின் மெயில் மட்டும்தான் இருக்கும். "நம்ம குப்பையை அவங்க இடத்துல எதுக்குக் கொட்டணும்?" என்பார். மூத்தவள் அந்தச் சட்டத்தில் கை வைக்கவே இல்லை. அப்பா போட்டதாயிற்றே.

அம்மா டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தினமும் காலையில் அவள் தன் பெட்டியைத் திறந்து ஒரே ஒரு பழைய மெயிலைப் படிப்பாள். ஒன்றுக்கு மேல் படிக்க மாட்டாள். தீர்ந்துவிடும் என்கிற பயம்.

அந்தப் பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? அப்பாவின் டெஸ்ட் மெயில்.

மாடி மெஷினில் ஓடுகிற மெயில் சர்வரில் எதைத் தொட்டாலும் அப்பா உடனே ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பார்ப்பார். மற்றவர்கள் என்றால் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வார்கள். இவர் கீழே அடுப்படியில் இருக்கும் மனைவிக்கு அனுப்புவார். முதலில் 'டெஸ்ட்' என்று ஒரு வார்த்தைதான் இருந்தது. போகப் போக வெறும் வார்த்தையை அனுப்ப மனசு வரவில்லை போலிருக்கிறது. கூட ஒரு வரி ஒட்டிக்கொண்டது.

"டெஸ்ட். என் கண்ணாடியைப் பாத்தியா?"

"வந்துது. உங்க நெத்தியைத் தடவிப் பாருங்க."

"டெஸ்ட். வானம் கறுக்குது. கொடியில துணி."

"வந்துது. எடுத்தாச்சு."

"டெஸ்ட். இன்னும் கோவமா?"

"வந்துது. ஆமா."

'வந்துது' என்று பதில் வந்தால்தான் டெஸ்ட் முடிந்ததாகக் கணக்கு. வராவிட்டால் எங்கோ பிசகு என்று அப்பா ஒயரைத் தடவ ஆரம்பித்துவிடுவார்.

இதில் ஒரு குறும்பும் செய்து வைத்திருந்தார். பதில் வந்ததும் மெஷின் தானாகவே ஒரு வரியைத் திருப்பி அனுப்பும். எப்போதாவது டெஸ்ட் போகிற வாடிக்கையாளர் என்றால் 'நன்றி'. அம்மா என்றால் 'இதோ கீழே வரேன்'. அம்மா அதை நம்பித் தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சாப்பாடு ஆறும், ஆள் வரமாட்டார். அது மெஷினின் பேச்சு என்று தெரிந்த அன்று வீட்டில் ஒரே ரகளை. "இவர் சொல்ற பொய் போதாதுன்னு மெஷினுக்கும் கத்துக் குடுத்திருக்கார்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆனால் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

சரி, டீ ஆறுகிறது.

"ஏய், கொஞ்சம் இங்க வா" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் அம்மா. "என் பெட்டி காலியா இருக்கு."

"சரியாப் பாத்தியாம்மா? ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன்..."

"அதை எங்கிட்டயே சொல்றியா நீ?"

மூத்தவள் இறங்கி வந்தாள். அம்மாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். சுத்தமாகத் துடைத்த பலகை மாதிரி இருந்தது திரை. "இரும்மா, பாத்துச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு இரண்டு படியாக மேலே ஓடினாள்.

மாடியறையில் ஏணி சுவரிலிருந்து கழற்றிய ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தினான்.

அவள் தான் கொடுத்த கட்டளையைத் திரையில் தேடிப் படித்தாள். ஒருமுறை படித்ததே போதுமாக இருந்தது.

"என்னக்கா?"

"தலைகீழா பண்ணிட்டேன்டா."

விஷயம் இதுதான். முந்தின நாள் ஒரு வாடிக்கையாளரின் மெயிலைச் சரிபார்க்க, புது மெஷினிலிருந்து பழைய மெஷினுக்கு ஒருதடவை திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். இன்று காலையில் வீட்டு மெயிலை அனுப்ப வேண்டும். அதே நீளமான கட்டளையை மறுபடி அடிப்பானேன் என்று மேல் அம்புக்குறியை அழுத்தினாள். நேற்றைய வரி வந்தது. அதில் பெட்டியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு என்டரைத் தட்டினாள். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்பதை மாற்றவில்லை. 'அங்கே இல்லாதது இங்கேயும் இருக்கக் கூடாது' என்று அதே வரியில் ஒரு உத்தரவும் இருந்தது. புது மெஷினில் வீட்டுப் பெட்டிகள் அன்றுதான் திறந்தவை, காலி. மெஷின் சொன்ன பேச்சைத் தட்டாமல் இங்கேயும் காலியாக்கிவிட்டது.

"காப்பி?" என்றான் ஏணி. கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரியும்.

"வீட்டுது இல்லையே. அப்பாதான்..." அவள் முடிக்கவில்லை. "நான்தானேடா தினமும் பத்துப் பேருக்கு வகுப்பு எடுப்பேன். அழுத்தறதுக்கு முன்னாடி ஒருதடவை படிங்கன்னு."

ஏணி மெஷின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தான். அதில் மெயிலை எல்லாம் சேர்த்து வைக்கிற டிஸ்க் சொருகுவதற்கு இரண்டு இடம். ஒன்றில் டிஸ்க் இருந்தது. இன்னொன்றில் அட்டைப்பெட்டியிலிருந்து கச்சிதமாக வெட்டிய ஒரு துண்டு அட்டை. அப்பா வெட்டி வைத்தது.

"அக்கா, இதுல இருந்தது சித்தப்பாகிட்டதானே இருக்கு?"

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு அந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். முழுசையும் இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினில் முன்பு இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. ஒன்றில் எழுதுவதை எல்லாம் மெஷின் மற்றதிலும் அப்படியே எழுதும். ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும் என்கிற ஏற்பாடு.

ஒருநாள் சித்தப்பா அண்ணனைக் கேட்காமல் சர்வரில் ஏதோ மாற்றினார். யார் வேண்டுமானாலும் அந்தச் சர்வர் வழியாக மெயில் அனுப்பலாம் என்று ஆகிவிட்டது. எங்கெங்கோ இருக்கிற குப்பை மெயில்காரர்கள் எல்லாம் புகுந்து விளையாடினார்கள். விளைவு, இந்தக் கம்பெனியிலிருந்து போகிற எந்த மெயிலையும் வெளியே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர்கள் மாடிப்படி வரை வந்து கத்தினார்கள். அத்தனை பேர் முன்னால் அப்பா தம்பியைத் திட்டினார். "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்டுவிட்டார்.

"அப்ப என் பாதியைக் குடு" என்றார் சித்தப்பா. ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கீழே வாசலில் நின்றிருந்த அம்மா, "இனிமே இந்த வாசலை மிதிக்காத" என்றாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாதி என்று பிடுங்கிக்கொண்டு போனவரிடம் முழுசும் இருந்தது. இங்கேயும் முழுசும் இருந்தது. பாகம் பிரித்ததில் இரண்டு பேருக்கும் முழுச் சொத்து கிடைத்த ஒரே குடும்பம் இதுதான். ஆனாலும் இரண்டு பேருமே எதையோ பறிகொடுத்த மாதிரிதான் இருந்தார்கள்.

அந்தக் காலி இடத்தில் அப்பா வேறு டிஸ்க்கைப் போடவே இல்லை. மூத்தவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "தூசி போகாம மூடி வெச்சிருக்கேன்ல, இருக்கட்டும்" என்பார். ஒற்றைக் காலில் நிற்கிற மெஷினை வைத்துக்கொண்டு எந்தப் பைத்தியக்காரனும் கம்பெனி நடத்த மாட்டான். அப்பா நடத்தினார்.

"அவர்கிட்ட இருக்கு, சரி" என்றாள் மூத்தவள். "எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போய்க் கேக்கறது?"

"இந்த முகத்தைத்தான். வேற முகத்துக்கு எங்க போறது?"

படியில் அரவம் கேட்டது. அம்மா வந்து நின்றாள். ஆறிப்போன டீயைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"போயிடுச்சா?" என்றாள்.

மூத்தவள் தலையை ஆட்டினாள். "என் தப்பும்மா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா திட்டவில்லை. "போனது போகட்டும். எனக்கு எல்லாம் மனப்பாடம்" என்றாள். பிறகு மெஷினைப் பார்த்தபடி, "டெஸ்ட். வானம் கறுக்குது. கொடியில துணி" என்று சின்னக் குரலில் சொன்னாள். "அவன்கிட்ட போய் நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மூத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மா சொல்லை அவள் மீறியது அதுதான் முதல் தடவை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அழுதுகொண்டே மீறியது அதுதான் முதல் தடவை.

சித்தப்பாவின் கடை ஜனநடமாட்டமுள்ள ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் சாவி வெட்டுகிறவர் பெட்டிக்கும் நடுவில் இருந்தது. பிரிண்டருக்கு மை நிரப்பும் கடை. உள்ளே மூடி திறந்த பிரிண்டர்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. சித்தப்பா ஒரு ஊசிக் குழாயால் மை இறக்கிக்கொண்டிருந்தார். பத்து விரலும் கறுப்பும் நீலமுமாக இருந்தன. தலை நன்றாக நரைத்துவிட்டது.

"எந்த மாடல்?" என்றார் நிமிராமல்.

"பழைய மாடல்தான் சித்தப்பா."

ஊசிக் குழாய் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஸ்டூலைக் காலாலேயே நகர்த்தி, "உக்காரு" என்றார். துணியை எடுத்து விரல்களைத் துடைத்தார். துடைத்து என்ன பிரயோஜனம், போகிற கறையா அது?

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கடகடவென்று சொல்லி முடித்தாள். சித்தப்பா நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மேல் அம்புக்குறியா?"

"ம்."

"உங்க அப்பாவும் ஒருதடவை பண்ணினார். அன்னைக்கு நானும் அவருமா தலையில கையை வெச்சு உக்காந்தோம். வெளிய சொல்லாதேடான்னார். இன்னைக்குத்தான் சொல்றேன்."

அழுகையின் நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பாவிடம் அந்த வித்தை எப்போதும் உண்டு. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் இவரிடம்தான் ஓடுவாள்.

அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். திறந்ததும் டிஸ்க் தெரியவில்லை. முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். புது மைப் புட்டிகளோடு வருகிற, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். மழைக்காலம் வந்தால் பழசை எடுத்துவிட்டுப் புதுசு போடுவாராம். பொட்டலங்களுக்கு அடியில், துணியில் சுற்றி இருந்தது டிஸ்க்.

"ஒருநாள்கூட மாட்டிப் பாத்ததில்ல" என்றார். "ஓடுதா இல்லையான்னும் தெரியாது. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இதைக் கொண்டுபோய் நேரா அந்தக் காலி இடத்துல சொருகிடாத. இப்ப அங்க இருக்கிற காலியை இதுலயும் எழுதிடும். முதல்ல தனியா வெச்சுப் படிச்சு எடுக்கணும்."

"தெரியும் சித்தப்பா."

"உனக்குத் தெரிஞ்ச லட்சணம்தான் காலையிலயே பாத்தாச்சே."

"அப்ப நீங்களே வந்து எடுங்க."

அவர் டின்னை மூடினார். "வாசலை மிதிக்காதேன்னு சொன்ன வாய், வான்னு சொல்லணும். இல்லேன்னா நீயே எடுத்துட்டுப் போ. குடுக்க மாட்டேன்னு சொல்லல."

மூத்தவள் போனை எடுத்தாள். அம்மா உடனே எடுத்தாள். பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"எங்க இருக்க?"

"சித்தப்பா கடையில."

குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"டிஸ்க் இருக்கும்மா. ஆனா பிரிஞ்ச நாள் வரைக்கும் உள்ளதுதான் இதுல கிடைக்கும். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் போனது போனதுதான்."

"அது போதும்" என்றாள் அம்மா.

போதும் என்று எப்படிச் சொல்கிறாள் என்று மூத்தவளுக்குப் புரியவில்லை. கேட்பதற்குள், "அவன்கிட்ட குடு" என்றாள் அம்மா.

சித்தப்பா மைக்கறை விரலால் போனை வாங்கினார். "அண்ணி" என்றார்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வா" என்றாள் அம்மா. "காலையிலதான் வாசலைக் கழுவி விட்டிருக்கேன்."

சாப்பாட்டு மேஜையில் பழைய லேப்டாப்பை வைத்து, ஒரு ஒயர் வழியாக டிஸ்க்கை மாட்டினார் சித்தப்பா. அது முதலில் ஒரு முனகல் முனகியது. பிறகு சீராகச் சுற்ற ஆரம்பித்தது. அவரும் மூத்தவளும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை அவள் ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் என்டரைத் தட்டினாள். "எங்கேர்ந்து? எங்க?" என்று அவர் கேட்பார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பதில் சொல்வாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக மாடியிலிருக்கும் பழைய மெஷினுக்குத் திரும்பின. சாயங்காலம் வரை வீட்டு முகவரிகளுக்கு அந்த மெஷின்தான்.

ஏணி மேலே மிச்ச ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். அம்மா மட்டும் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமலே அவருக்கு இரண்டு தடவை டீ கொடுத்தாள். அவளுக்குக் கல்யாணமாகி வந்தபோது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். சட்டைப் பித்தானைத் தைத்துக் கொடுத்ததிலிருந்து எல்லாம் அவள்தான். அந்த நரையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"இப்ப திறந்து பாருங்க அண்ணி."

அம்மா தன் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடி, மழை, கோபம் எல்லாம் இருந்தன. அவள் அன்றைக்கு ஒன்றோடு நிறுத்தவில்லை. படபடவென்று கீழே இறங்கிக் கடைசி மெயிலுக்கு வந்து நின்றாள். 'டெஸ்ட். பெரியவ புதுச் செருப்பு கடிக்குதுங்கறா. பாரு.' சண்டை நடந்ததற்கு முந்தின நாள் வந்தது அது.

"இதோட நிக்குதும்மா" என்றாள் மூத்தவள். "மிச்சத்தை நான்..."

"மிச்சம் எதுவும் இல்ல."

அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் அந்த வார்த்தையைச் சொன்ன நாள்லேர்ந்து அவர் எனக்கு டெஸ்ட் அனுப்பல. பேசுவார், சிரிப்பார், எதுலயும் குறை வெக்கல. இது மட்டும் நின்னுபோச்சு. நானும் கேக்கல. யாருக்கு அனுப்பினாரோ, யார் கண்டா."

மேஜையின் அந்தப் பக்கம் சித்தப்பா சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து எதையோ திறந்து, அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"எனக்கு அனுப்பினார் அண்ணி."

டெஸ்ட். டெஸ்ட். டெஸ்ட். வரிசையாக இருந்தன. கூட ஒரு வரி கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. அம்மா விரலால் நகர்த்திக்கொண்டே போனாள். தன்னுடையதைப் படிப்பது போலவே ஒவ்வொன்றிலும் நின்று படித்தாள். படிக்க அதில் என்ன இருக்கிறது? இருந்தது போலிருக்கிறது, அவளுக்கு.

"பதில் போட்டியா?"

"இல்ல. போட்டா நான் இறங்கி வந்த மாதிரி ஆயிடும்னு நினைச்சேன். அவரா இன்னும் ஒரு வார்த்தை எழுதட்டும்னு இருந்தேன். அவரும் எழுதல. அப்புறம் ஒருநாள் அதுவும் வரல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் விஷயம் தெரிஞ்சுது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கடைசியா முகத்தைப் பாக்கக்கூட நான் வரல அண்ணி."

"வந்தா நான் உள்ள விட்டிருப்பேனா? அதையும் சொல்லு." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை அவர் பக்கம் திருப்பித் தள்ளினாள். "இப்ப போடு."

"என்னது?"

"பதில்."

"யாருக்கு அண்ணி? அவர்தான் இல்லையே."

"பெட்டி இருக்கில்ல? நீதானே இப்ப எடுத்துக் குடுத்த. டெஸ்ட்னா பதில் வரணும். அவரைக் காக்க வெச்சது போதும்."

சித்தப்பா மூத்தவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் கடைசி டெஸ்ட்டைத் திறந்து, எழுத்து எழுத்தாகத் தட்டினார். வந்துது. அனுப்பினார்.

மாடியிலிருந்து ஏணியின் குரல் கேட்டது. "அக்கா, திரையில ஒரு வரி ஓடுது. அப்பா பெட்டிக்கு ஏதோ மெயில் வந்திருக்கு."

"தெரியும்டா" என்றாள் அவள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மேஜை மேலிருந்த சித்தப்பாவின் போன் சிணுங்கியது.

அவர் எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மூத்தவள் எட்டிப் பார்த்தாள், அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் அவளுக்கும் உடம்பு சிலிர்த்தது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. மெஷின் தானாக அனுப்புகிற வரிகளை அப்பா மெயில் பெட்டிகளோடு வைக்கவில்லை, வேறு இடத்தில் வைத்திருந்தார். காலையில் அவள் செய்த கோளாறு அதைத் தொடவில்லை. வாடிக்கையாளருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தம்பிக்கும் ஒன்று எழுதி வைத்துவிட்டு, அவன் பதில் போடுவான் என்று அந்த மனுஷர் காத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

சித்தப்பாவால் படிக்க முடியவில்லை. போனை அண்ணியிடம் நீட்டினார். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தாள்.

"மேல வாடா. உன் இடம் காலியாத்தான் இருக்கு."

சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் நீல மை ஒட்டியது. டிஸ்க்கை ஒயரிலிருந்து மெதுவாகக் கழற்றினார். அதிலிருந்ததெல்லாம் பத்திரமாக எடுத்தாகிவிட்டது, இனி அதைச் சொருகலாம். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தார். பிறகு ஏற ஆரம்பித்தார்.

வாசலில் மணி அடித்தது.

அம்மா போய்க் கதவைத் திறந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் நின்றிருந்தார், சாவிக்காகக் கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி. அவருக்குப் பின்னால் தெருவில் ஒரு வேன், கட்டில் மெத்தை பீரோ என்று நிறைய ஏற்றிக்கொண்டு நின்றது. முன்சீட்டில் புதுப்பெண் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, மேல எல்லாம் காலி பண்ணியாச்சா?" என்றார்.

"இல்லைங்க. இன்னைக்கு முடியாது" என்றாள் அம்மா. "எங்க வீட்டுப் பையன் இப்பதான் மேல போறான்."